உபுண்டு சர்வரில் ஓட்டை தேடிய ஐந்து மாலைகள்

கடந்த டிசம்பரில் அக்காவின் தணிக்கை அலுவலகத்துக்கு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. பதினெட்டுக் கேள்விகள். பதினோராவது கேள்வி: 'உங்கள் கணினிகளின் இயங்குதளத்தில் ஏற்கெனவே அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எதுவும் திருத்தப்படாமல் இல்லை என உறுதி செய்கிறீர்களா?' பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். அக்கா அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டேய், இதுக்கு ஆம்னு போட்டுடலாமா?" என்று கேட்டாள். பார்க்காமல் போட வேண்டாம், கொஞ்சம் பொறு என்றேன். அந்தப் பொறுமைக்கு ஐந்து மாலைகள், கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம் ஆனது. இப்போது ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அங்கே இருப்பவை: ஏழாம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று. 2022ல் அதில் உபுண்டு சர்வர் 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக எல்லோருக்கும் பொதுக் கோப்புறை, நான் வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்ள எஸ்எஸ்எச், இவ்வளவுதான் அதன் வேலை. அது தவிர ஊழியர்களின் மடிக்கணினிகள், ஒரு பழைய காப்பியர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காகவே வைத்திருக்கும் ஒரு விண்டோஸ் 7 கணினி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் எதை வேண்டுமானாலும் தொடலாம் என்று அக்கா அனுமதி கொடுத்தாள். இந்த அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சொந்த அக்கா அலுவலகமே ஆனாலும், அதில் மற்றவர்களின் வருமான வரிக் கணக்குகள் இருக்கின்றன. கேட்காமல் ஸ்கேன் செய்வது சரியல்ல.

தொடங்கும் முன் கோப்புறை முழுவதையும் ஒரு யுஎஸ்பி வட்டில் நகல் எடுத்தேன். 212 ஜிபி, இரண்டரை மணி நேரம்.

முதல் மாலை முழுக்கத் தவறான பாதையில் போனது. மடிக்கணினியிலிருந்து என்மேப் என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியை ஓட்டினேன். திறந்திருக்கும் போர்ட்டுகளில் (நெட்வொர்க் வாசல்களில்) என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்கும் வசதி அதில் உண்டு. வல்னர்ஸ் என்ற ஸ்கிரிப்டையும் சேர்த்தால், அந்தப் பதிப்புக்குத் தெரிந்த ஓட்டைகளின் சிவிஇ எண்களைப் பட்டியலிடும். ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகம் முழுக்க ஒரே அடையாள எண் என்ற முறைதான் சிவிஇ. 1999 முதல் இருக்கிறது. எண்ணோடு பத்துக்கு எத்தனை என்று ஒரு அபாய மதிப்பெண்ணும் வரும்.

எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டில் 'ஓபன்எஸ்எஸ்எச் 8.9பி1' என்று வந்தது. அதன் கீழே இருபதுக்கும் மேல் வரிகள். நடுவில் சிவிஇ-2024-6387. இதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டது. ரெக்ரெஷன் என்று பெயர் வைத்தார்கள். 2006லேயே அடைக்கப்பட்ட ஓட்டை, பின்னால் நடந்த ஒரு நிரல் மாற்றத்தில் திரும்பத் திறந்துகொண்டது. கடவுச்சொல் இல்லாமலேயே வெளியிலிருந்து ரூட் எனும் முழு அதிகாரம் வரை போக வழி. பாதிக்கப்பட்டவை 8.5பி1 முதல் 9.8பி1க்கு முந்தையவை வரை. எங்களுடையது 8.9. நேராக நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஓபன்எஸ்எஸ்எச் 9.8 மூல நிரலை இறக்கி, தேவையான நூலகங்களைப் போட்டு, நானே கம்பைல் செய்தேன் (ஓடும் நிரலாக மாற்றினேன்). பழைய சர்வீஸை நிறுத்தாமல் புதியதை 2222ஆம் போர்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். அந்த ஒரு எச்சரிக்கை மட்டும் என்னைக் காப்பாற்றியது. பழைய அமைப்புக் கோப்பைக் கொடுத்தபோது 'யூஸ்பாம்' வரியைப் புரிந்துகொள்ளவில்லை என்று முனகியது, ஏனென்றால் பாம் (உள்நுழைவைச் சரிபார்க்கும் பகுதி) ஆதரவு இல்லாமல் கம்பைல் செய்திருந்தேன். அதைச் சரி செய்யப் போய் இரவு பதினொன்றே கால் ஆனது.

அடுத்த நாள் காலை, காபி குடித்துக்கொண்டே முந்தைய நாள் என்மேப் பதிலைத் திரும்பப் படித்தேன். பதிப்பு எண்ணோடு வரி முடியவில்லை. முழு வரி இது: 'ஓபன்எஸ்எஸ்எச் 8.9பி1 உபுண்டு-3உபுண்டு0.13'. விடை அந்த வாலில் இருந்தது. உபுண்டு ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க மென்பொருளின் பெரிய பதிப்பைப் பொதுவாக மாற்றுவதில்லை. 8.9 என்றால் 8.9தான். ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்து அந்தப் பழைய பதிப்பிலேயே ஒட்டி, வால் எண்ணை ஒன்று கூட்டிவிடுவார்கள். 22.04க்கு ரெக்ரெஷன் திருத்தம் வந்தது 3உபுண்டு0.10ல். எங்களிடம் இருப்பது 0.13. அதாவது, தானியங்கிப் புதுப்பிப்பு அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கட்டளையில் அந்த சிவிஇ எண்ணைத் தேடினேன்; திருத்திய பதிவு அப்படியே இருந்தது.

வல்னர்ஸ் பார்ப்பது 8.9 என்ற முன்பகுதியை மட்டும். டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளுமே இப்படிப் பின்னோக்கித் திருத்தம் ஒட்டுபவை என்பதால், வெளியிலிருந்து பதிப்பு எண்ணை வைத்துச் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் இனி அப்படியே நம்பமாட்டேன். நான் கம்பைல் செய்த 9.8ஐ அன்றே நீக்கினேன். அதை விட்டு வைத்திருந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகியிருக்கும்: அடுத்த ஓட்டை வரும்போது உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பு அதைத் தொட்டிருக்காது.

இரண்டாம் மாலையில் உள்ளிருந்து பார்க்க முடிவு செய்தேன். முதலில் டெப்செக்கன் என்ற, ஓட்டைகளைப் பட்டியலிடும் கருவியைப் போட்டேன். நூற்றுக்கணக்கில் வரிகள். அரை மணி நேரம் படித்த பிறகுதான் புரிந்தது, அது டெபியனின் பாதுகாப்புத் தரவை வைத்து ஒப்பிடுகிறது. உபுண்டுவின் வால் எண்கள் வேறு. டெபியன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல கருவி, எனக்கு அல்ல. அப்புறம் லினிஸ் ஓட்டினேன். அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு: கடவுச்சொல் விதி எப்படி, ஃபயர்வால் இருக்கிறதா, பதிவுகள் எங்கே போகின்றன. அந்த அறிக்கையை வேறு நாளுக்கு எடுத்து வைத்தேன்.

கடைசியில் கைகொடுத்தது ஓவல் கோப்பு. உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனமே, எந்த ஓட்டை எந்த வால் எண்ணில் திருத்தப்பட்டது என்பதை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியிடுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கோப்பு, 22.04க்கு 'ஜாமி' என்ற பெயரில் இருப்பதை எடுக்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாதுகாப்பு அறிவிப்புகளை வைத்தது: திருத்தம் வெளிவந்தும் நீங்கள் போடாதவை எவை என்று சொல்லும். மற்றது சிவிஇ வாரியானது: இன்னும் திருத்தமே வராதவையும் சேர்ந்து வரும். என் போன்றவர்கள் முதல் வகையில் தொடங்குவது நல்லது. கையில் மருந்து இருக்கும் நோயை முதலில் பார்க்கலாம்.

படிக்கும் கருவி ஓபன்ஸ்கேப். 22.04ல் அந்தப் பெயரில் பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) இல்லை. 'லிப்ஓபன்ஸ்கேப்8' என்பதைப் போட்டால் கட்டளையும் கூடவே வருகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம். கோப்பை இறக்கி, சுருக்கத்தை விரித்து, ரூட்டாக ஓட்டினேன். இந்த இயந்திரத்தில் நான்கு நிமிடம் ஆனது. ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்'. கிட்டத்தட்ட எல்லாமே ஃபால்ஸ். எனக்குப் பகீரென்றது. எல்லாச் சோதனையிலும் தோற்றுவிட்டோமா?

இல்லை. ஓவல் கேட்பது 'இந்த ஓட்டை இங்கே இருக்கிறதா?' என்று. ட்ரூ என்றால் இருக்கிறது. ஃபால்ஸ்தான் நல்ல செய்தி. ட்ரூ வரிகளை மட்டும் வடிகட்டி எண்ணினேன். பதினொன்று.

இந்தப் பதினொன்று என்ன என்று பார்த்ததுதான் மூன்றாம் மாலை. ஐந்தில் மிகவும் பயனுள்ள மாலையும் அதுதான். எட்டு கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்), மூன்று சாம்பாவில்.

கெர்னலில் இருந்து தொடங்கினேன். தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறது, கெர்னல் பொதிகள் வந்து இறங்கியிருக்கின்றன, பிறகெப்படி? 'யூநேம்' கட்டளை காட்டிய கெர்னல் 5.15.0-140. பூட் அடைவில் இருந்ததோ அதைவிட இருபது எண்களுக்கும் மேல் புதியது. 'அப்டைம்' (கடைசி ரீபூட்டிலிருந்து எவ்வளவு காலம்) கேட்டேன்: 214 நாள். வட்டில் புதிய கெர்னல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது ஏழு மாதம் பழையது. தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பாக ரீபூட் செய்யாது. 'ரீபூட் தேவை' என்று ஒரு சிறு கோப்பை மட்டும் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும். அந்தக் கோப்பும் அங்கே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

சரி, ரீபூட் செய்தேன். சர்வர் திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்து செய்ததால் இரவு எட்டரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். திரையில் அவசர நிலை என்று கடவுச்சொல் கேட்டு நின்றுகொண்டிருந்தது. காரணம், நகல் எடுக்கும் யுஎஸ்பி வட்டை, பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்திருந்தேன். அந்த வட்டு அன்று என் பையில் இருந்தது. பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் வட்டைத் தேடிவிட்டு, கிடைக்காததால் மேலே போக மறுத்துவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியானது. ஒரு சொல்தான், ஆனால் அது இல்லாததால்தான் முன்பொரு முறை ரீபூட்டில் சிக்கி, 'இதைத் தொடாமல் விடுவோம்' என்று எல்லோருக்கும் பயம் வந்திருந்தது. அந்தப் பயமே 214 நாளாக வளர்ந்திருக்கிறது. ரீபூட் பயத்தின் வேரைப் பிடுங்காமல் கெர்னல் ஓட்டையை அடைக்க முடியாது.

திரும்ப ஓவல் ஓட்டினேன். ட்ரூ மூன்று. எல்லாம் சாம்பா.

இது ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று தேடியபோது, 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கட்டளையில் சாம்பா பொதிகளின் பெயர்கள் வந்தன. அதாவது 'இதைப் புதுப்பிக்காதே' என்று யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். நான்தான். 2023ல் காப்பியரிலிருந்து ஸ்கேன் கோப்புறைக்குப் போகாமல் நின்றபோது, அப்போது வந்திருந்த புதுப்பிப்பின் மேல் சந்தேகப்பட்டு, தற்காலிகமாக என்று பூட்டியது. அப்புறம் திறக்க மறந்துவிட்டேன்.

பூட்டை எடுக்கும் முன், அடைபடாமல் கிடந்தவை எவ்வளவு ஆபத்தானவை என்று பார்த்தேன். சிவிஇ-2025-10230 என்ற எண்ணுக்கு மதிப்பெண் பத்துக்குப் பத்து. ஆனால் விவரத்தைப் படித்தால், சாம்பா டொமைன் கன்ட்ரோலராக (நெட்வொர்க் பயனர்களை நிர்வகிக்கும் சர்வராக) இயங்கி, வின்ஸ் (கணினிப் பெயர்களைத் தேடித்தரும் பழைய சேவை) ஆதரவும் திறந்திருந்து, 'வின்ஸ் ஹுக்' என்ற அமைப்பில் ஒரு நிரலும் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும். எங்களுடையது வெறும் கோப்புறைப் பகிர்வு. மூன்றில் ஒன்றும் இல்லை. உலகத்துக்குப் பத்து, எங்களுக்குப் பூஜ்யம். இருந்தாலும் அடைத்துவிட வேண்டியதுதான். நாளை யாராவது அமைப்பை மாற்றினால் என்ன ஆகும்?

பூட்டை எடுத்து, புதுப்பித்து, ஓவல் ஓட்டினேன். ட்ரூ பூஜ்யம்.

ஆனால் அமைப்புக் கோப்பைப் பார்க்க உட்கார்ந்ததில்தான் பெரிய விஷயம் அகப்பட்டது. சாம்பா அமைப்பில், குறைந்தபட்ச நெறிமுறை 'என்டி1' என்று ஒரு வரி. அது கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸில் அந்த முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவில் அதே ஓட்டை இல்லை; ஆனாலும் இந்தப் பழைய நெறிமுறை பலவீனமானது என்பதால், சாம்பா 4.11லிருந்து அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறார்கள். நான் காப்பியருக்காகக் கையால் திறந்திருக்கிறேன். காப்பியருக்குப் புதிய பதிப்பு பேசத் தெரியாது.

இதற்கு சிவிஇ எண் கிடையாது. ஓவல் இதைச் சொல்லவே சொல்லாது, ஏனென்றால் நிரலில் தவறில்லை, திறந்து வைத்தவனிடம்தான் தவறு. என்மேப்பின் எஸ்எம்பி-ப்ரோட்டோகால்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் மட்டும் 'ஆபத்தானது' என்ற குறிப்போடு அந்தப் பழைய பெயரைக் காட்டுகிறது. முதல் நாள் தவறாக வழிகாட்டிய அதே என்மேப் இங்கே சரியாகச் சொன்னது. பதிப்பு எண்ணை ஊகிக்காமல், நேரே பேசிப் பார்த்துச் சொன்னதால்.

வரியை அழித்தேன். காப்பியரில் ஸ்கேன் நின்றது. 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று 480 ரூபாய்க்கு வாங்கி அதில் ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஊழியர்களுக்கு இது கூடுதல் நடை. அலுவலகத்தில் நீண்ட நாளாக இருக்கும் மாமா, "தம்பி, முன்னாடி பட்டனை அமுக்கினா வந்துடும்" என்று இரண்டு முறை சொன்னார். அவர் சொல்வதும் நியாயம். அடுத்த ஆண்டு காப்பியரை மாற்றும்வரை இப்படித்தான் என்று அக்காவே அவரிடம் பேசினாள்.

நான்காம் மாலை சில்லறை வேலைகள். 'ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேடஸ்' கட்டளை, யூனிவர்ஸ் (சமூகம் பராமரிக்கும்) தொகுப்பிலிருந்து வந்த பொதிகளுக்கு உபுண்டு ப்ரோ சந்தா இணைத்தால்தான் கூடுதல் திருத்தங்கள் முழுதாகக் கிடைக்கும் என்றது. ஐந்து இயந்திரம் வரை இலவசம், சிறு அலுவலகங்களும் பயன்படுத்தலாம். இணைத்தேன். அந்தப் பட்டியலில் எஃப்எஃப்எம்பெக், இமேஜ்மேஜிக் இரண்டும் இருந்தன. எதற்காகப் போட்டேன் என்று நினைவே இல்லை. நீக்கினேன். இல்லாத மென்பொருளுக்கு ஓட்டை கிடையாது.

பிறகு சிப். 'எல்எஸ்சிபியு' கட்டளையின் கடைசியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் போன்ற சிப் ஓட்டைகள் ஒவ்வொன்றாக வரும். மெல்ட்டவுனுக்கு 'மிட்டிகேஷன்: பிடிஐ' என்று இருந்தது, அதாவது தடுப்பு இருக்கிறது, சரி. 'கேதர் டேட்டா சாம்ப்ளிங்' வரியில் மட்டும் 'வல்னரபிள்: நோ மைக்ரோகோட்'. 2023 ஆகஸ்டில் டவுன்ஃபால் என்ற பெயரில் வந்தது. ஆறாம் தலைமுறை முதல் பதினோராம் தலைமுறை வரையிலான இன்டெல் சிப்புகளைத் தொடுவது. தேடிப் பார்த்தால், சிப்புக்கான திருத்தங்களைக் கொண்டுவரும் இன்டெல்-மைக்ரோகோட் பொதி இந்த இயந்திரத்தில் இல்லை. அதைப் போட்டு ரீபூட். வரி மாறியது. இந்த முறை சர்வர் ஒன்றரை நிமிடத்தில் திரும்பி வந்தது, வட்டு என் பையிலேயே இருந்தும்.

ஐந்தாம் மாலை விண்டோஸ் 7க்கு. என்மேப்பில் வான்னாக்ரை ஓட்டையைத் தேடும் எம்எஸ்17-010 ஸ்கிரிப்ட் ஒன்றும் சொல்லவில்லை, அதாவது அந்த ஓட்டை அதற்குத் தென்படவில்லை. நிறுவிய புதுப்பிப்புகளைப் பட்டியலிட்டேன். கடைசித் தேதி 2020 ஜனவரி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ல் முடிந்தது. அதன்பிறகு ஆறு ஆண்டுகளில் வெளியானவற்றை எந்த ஸ்கேனர் சொன்னாலும் எங்களிடம் போடத் திருத்தம் இல்லை. விண்டோஸ் 10 போடலாமா என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14ல் ஆதரவு முடிந்துவிட்டது. இதற்கு ஸ்கேன் தேவையில்லை, முடிவுதான் தேவை. லேன் கேபிளைக் கழற்றி, போர்ட்டின் மேல் டேப் ஒட்டினேன். யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் 650 ரூபாய்க்கு வாங்கி, பிரிண்டரை ஒரு மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். ஓரம் இரண்டு எழுத்து நகர்ந்து அச்சாகிறது. அது இன்னும் தீரவில்லை. தீரும்வரை விண்டோஸ் 7 தனியாக நிற்கும்.

ஆக மொத்தச் செலவு 1,130 ரூபாய்.

திரும்பச் செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் யூநேம், அப்டைம், ஷோஹோல்ட் மூன்றும். இரண்டே நிமிடத்தில் பதினொன்றுக்கும் காரணம் கிடைத்திருக்கும். அடுத்து ஓவல். அப்புறம் அமைப்புக் கோப்புகளைக் கண்ணால் படிப்பது. என்மேப் கடைசியில், அதுவும் என்ன திறந்திருக்கிறது என்று பார்க்க மட்டும். ரீபூட்டை அலுவலகத்தில் உட்கார்ந்துதான் செய்வேன்.

படிவத்துக்கு வருகிறேன். 'ஆம்' கட்டத்தில் குறி போட எனக்கு மனம் வரவில்லை. திருத்தம் வராத ஓட்டைகள் எப்போதும் சில இருக்கும், விண்டோஸ் 7 வேறு இருக்கிறது. இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஒரு பக்கக் கடிதம் இணைத்தோம்: இந்தத் தேதியின் ஓவல் கோப்பை வைத்துச் சோதித்தோம், திருத்தம் இருந்தும் போடாதவை பூஜ்யம், விண்டோஸ் 7 கணினி நெட்வொர்க்கில் இல்லை, மாதத்தின் முதல் ஞாயிறு காலை புதுப்பித்து ரீபூட் செய்கிறோம். அக்கா கையெழுத்துப் போட்டாள். அவர்கள் ஏற்றுக்கொண்டு, அடுத்த மாதச் சோதனை முடிவையும் அனுப்பச் சொன்னார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். புதிய ஓவல் கோப்பை இறக்கி ஓட்டியதில் ட்ரூ ஒன்று. கெர்னல். புதுப்பிப்பு ஏற்கெனவே வட்டில் இறங்கியிருந்தது. ரீபூட் செய்து, திரும்ப ஓட்டி, பூஜ்யம் என்று நோட்டில் எழுதியபோது எட்டு இருபது.